மீல்மேக்கரா, டோஃபுவா?

பனீரை விட்டுவிட்ட சென்னைக்காரர்கள் அடுத்துத் தடுமாறுவது இங்கேதான். இரண்டுக்கும் மூலம் சோயாதான்: மீல்மேக்கர் உலர்ந்த சோயா உருண்டை, டோஃபு சோயாப்பாலைத் திரித்துச் செய்த பனீர் போன்ற கட்டி.

விலை: மீல்மேக்கர் தெருமுனை மளிகையிலேயே மலிவு, சில்லறையாக வாங்கினால் பிளாஸ்டிக் உறையும் மிச்சம். டோஃபுவுக்குப் பெரிய கடை தேட வேண்டும்.

இருப்பு: எண்ணெய் எடுத்த சோயா மாவில் செய்த மீல்மேக்கர் டப்பாவில் மாதக்கணக்கில் கிடக்கும். உறை பிரித்த டோஃபுவைத் தண்ணீரில் மூழ்கவைத்து, தினமும் நீர் மாற்றி, ஃப்ரிட்ஜில் காக்க வேண்டும். மே மாத மின்வெட்டு வந்தால் போயிற்று.

புரதம்: உலர்ந்த மீல்மேக்கர் 100 கிராமில் சுமார் 50 கிராம்.

சமையல்: மீல்மேக்கரை வெந்நீரில் ஊறவைத்து நன்றாகப் பிழியாவிட்டால் சோயா வாடை சால்னாவையே கெடுத்துவிடும். டோஃபுவை மிளகு தூவித் தோசைக்கல்லில் புரட்டினால் போதும்.

அன்றாடத்துக்கு என் ஓட்டு மீல்மேக்கருக்கே. பனீர் நினைப்பு விடாதவர்கள் எப்போதாவது டோஃபு வாங்கலாம்.