"லைஃப்டைம் சிவில் 3டி" என்று யாராவது வந்தால்: சேலம் டிசைன் ஆபீஸ்களுக்கு

"பழைய வெர்ஷனைத் தூக்கிட்டு லேட்டஸ்ட் சிவில் 3டி போட்டுத் தர்றோம் சார். லைஃப்டைம், ஒரே தடவை காசு." அஸ்தம்பட்டி, ஐந்து ரோடு பக்கம் ரெண்டு மூணு பேர் உட்கார்ந்து வேலை பார்க்கிற ஆபீஸ்களுக்கு இப்படிப் போன் வருகிறது. சிவில் 3டி என்பது ரோடு, லேஅவுட் டிசைன் செய்யும் ஆட்டோடெஸ்க் கம்பெனியின் சாஃப்ட்வேர். சம்மதித்தால் எனிடெஸ்க் (தூரத்திலிருந்தே கம்ப்யூட்டரை இயக்கும் ஆப்) வழியாக உள்ளே வந்து அரை நாளில் மாற்றிவிட்டுப் போகிறார்கள். பில் கேட்டால் வாட்ஸ்அப்பில் ஒரு கொட்டேஷன் வரும், அவ்வளவுதான்.

ஆட்டோடெஸ்க் நிரந்தர லைசென்ஸ் விற்பதை 2016-லேயே நிறுத்திவிட்டது. இன்று புதிதாக வாங்கினால் சந்தாதான். அப்புறம் லைஃப்டைம் எங்கிருந்து வரும்? இவர்கள் போட்டுத் தருவது பெரும்பாலும் யாரோ ஒரு மாணவர் பெயரில் எடுத்த கல்வி லைசென்ஸ். அதில் காசு வாங்கிக்கொண்டு செய்யும் வேலை எதையும் செய்யக்கூடாது, ஆயுளும் ஒரு வருடம்தான். பன்னிரண்டு மாதம் முடிந்ததும் சாஃப்ட்வேர் திறக்காது, விற்றவர் போனை எடுக்க மாட்டார்.

போன காசைக்கூட விட்டுவிடலாம், பழைய வெர்ஷனுக்குத் திரும்பும்போது ஃபைல்தான் பெரிய அடி. புது வெர்ஷனில் சேவ் செய்த சிவில் 3டி சர்ஃபேஸ் (தரைப் பரப்பு), அலைன்மென்ட் (ரோட்டின் நடுக்கோடு), காரிடார் (ரோட்டின் 3டி மாடல்) எதையும் பழைய வெர்ஷன் முழுசாகப் படிக்காது. காண்டூர் (சம உயரக் கோடு) கண்ணுக்குத் தெரியும். ஆனால் அதிலிருந்து ஒரு ப்ரொஃபைல் (நீளவாக்கு மட்டப் படம்) எடுக்க முடியாது. 'சேவ் ஆஸ் 2013' கொடுத்தால் சரியாகிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். ஆகாது, டிராயிங் ஃபார்மேட் மட்டும்தான் இறங்கும். எக்ஸ்போர்ட் டு ஆட்டோகேட் கொடுத்தால் வெறும் கோடுகள் மிஞ்சும். லேண்ட் எக்ஸ்எம்எல் (வெர்ஷன் பார்க்காமல் டிசைன் விவரங்களை மாற்றிக்கொள்ளும் பொது ஃபார்மேட்) வழியாக சர்ஃபேஸும் அலைன்மென்ட்டும் ப்ரொஃபைலும் வந்து சேரும். ஸ்டைல், லேபிள் வராது, காரிடாரைத் திரும்பப் போட வேண்டும்.

நம்ம ஜில்லாவுக்கென்றே இன்னொரு வம்பு உண்டு. 78 டிகிரி தீர்க்கரேகை மாவட்டத்தைக் குறுக்கே வெட்டுகிறது. மேட்டூர், எடப்பாடி யு.டி.எம். (உலகத்தை ஜோன்களாகப் பிரிக்கும் மேப் முறை) ஜோன் 43-ல், சேலம் டவுன், ஏற்காடு 44-ல். டவுனில் ஈஸ்டிங் (கிழக்குத் திசை அளவு) 1,90,000 மீட்டர் அளவில் வரும். அதே இடம் 43-ல் போட்டால் 8,40,000-ஐத் தாண்டும். ஜோன் செட் செய்த உங்கள் பழைய டெம்ப்ளேட்டை (புது டிராயிங்குக்கான அடிப்படை ஃபைல்) அழித்துவிட்டுப் போகிறவர் இதையா யோசிக்கப் போகிறார்? புது வெர்ஷனோடு வரும் டெம்ப்ளேட்டில் ஜோன் எதுவும் இருக்காது. எஸ்டேட் ரோடு சர்வேயை அதில் இறக்கி, பிறகு சாட்டிலைட் படத்தோடு ஒட்டிப் பார்க்கும்போதுதான் இடம் பொருந்தாமல் குட்டு வெளிப்படும்.

அதற்கும் முன்னால், அப்கிரேடு தேவையா என்று பாருங்கள். பில்டிங் அப்ரூவல் பிளான் மட்டும் போடுகிற ஆபீஸுக்குத் தேவையே இல்லை. கட்டடத்தின் பலத்தைக் கணக்கிடும் ஸ்டாட் சாஃப்ட்வேர் விஷயம் வேறு. அதன் பழைய வெர்ஷனான வி8ஐ-யில் நிலநடுக்க விதியான ஐ.எஸ். 1893-ன் 2002 பதிப்புதான் இருக்கிறது. 2016 பதிப்பு கான்கிரீட் பீமுக்கு மொத்த இனெர்ஷியாவில் (வளையாமல் நிற்கும் விறைப்புக்கான அளவு) 35 சதவீதம், தூணுக்கு 70 சதவீதம் மட்டும் எடுத்துப் பார்க்கச் சொல்கிறது. மாடிக் கட்டடம் டிசைன் செய்து கையெழுத்துப் போடுகிறவருக்கு அது நியாயமான காரணம். வெறும் 2டி என்றால் ஆட்டோகேட்டின் சின்ன வடிவமான ஆட்டோகேட் எல்டி போதும், ஆனால் உங்கள் பி.பி.எஸ். (கம்பி வளைப்பு அட்டவணை) போடும் லிஸ்ப் புரோகிராம் ஓட வேண்டுமானால் எல்டி 2024-க்குக் கீழே வாங்காதீர்கள்.

வாங்குவதானால் சந்தா உங்கள் ஆபீஸ் மெயிலுக்கு வர வேண்டும். ஆட்டோடெஸ்க் கணக்கில் நீங்களே உள்ளே போய்ப் பொருளின் பெயர், சீட் எண்ணிக்கை, முடியும் தேதி மூன்றையும் பார்த்த பிறகு காசைக் கொடுங்கள். பில்லில் உங்கள் ஜி.எஸ்.டி. எண்ணும் 18 சதவீத வரியும் இருக்கட்டும். அடுத்த மாதம் அந்தத் தொகை ஜி.எஸ்.டி.ஆர்-2பி-யில் (நீங்கள் வாங்கியவற்றின் வரியைக் காட்டும் ஆன்லைன் பட்டியல்) தெரிகிறதா என்று ஆடிட்டரைக் கேளுங்கள். பழையதை அன்இன்ஸ்டால் செய்ய யாரையும் விடாதீர்கள்; ரெண்டும் ஒரே கம்ப்யூட்டரில் இருக்கலாம்.

ஏற்கெனவே மாட்டியிருந்தால் சாஃப்ட்வேர் திறக்கிற நாளிலேயே ஒவ்வொரு ஜாபையும் லேண்ட் எக்ஸ்எம்எல்லாக எடுங்கள். பாயிண்ட்களை நம்பர், நார்திங், ஈஸ்டிங், லெவல், விவரம் என்ற வரிசையில் டெக்ஸ்ட் ஃபைலாக எழுதி வையுங்கள். கிராக் (பூட்டை உடைத்த திருட்டு சாஃப்ட்வேர்) போட்ட மெஷின் என்றால் ஜாப் ஃபோல்டர்களில் நீங்கள் வைக்காத 'ஏகேட்டாக்.எல்எஸ்பி' கிடக்கிறதா என்றும் தேடுங்கள். அது வைரஸாக இருந்தால் ஃபோல்டர் விட்டு ஃபோல்டர் தொற்றும், கிளையண்டுக்கு நீங்கள் அனுப்பும் ஜிப்பிலும் ஏறிப் போகும்.