ஸ்பிட் பாலம் முதல் மேன்லி வரை: சிட்னியின் ஒருநாள் நடைபாதை பற்றிய மதிப்புரை

சிட்னியில் கார் இல்லாமல், பேருந்தையும் படகையும் மட்டுமே நம்பி ஒரே பகலில் நடந்து முடிக்கக்கூடிய பாதை எது என்று கேட்பவர்களுக்கு, ஸ்பிட் பாலத்திலிருந்து மேன்லி வரை செல்லும் 10 கிலோமீட்டர் பாதையையே தயங்காமல் பரிந்துரைப்பேன். ஊருக்குப் புதிதாக வருபவர்கள் பெரும்பாலும் முதலில் போவது பாண்டாய்–கூஜி கடற்கரைப் பாதைக்குத்தான். அது அழகானதே, ஆனால் அந்த 6 கிலோமீட்டரும் பெரும்பகுதி சிமெண்ட் தளமும் படிக்கட்டுமாகவே இருக்கின்றன, வார இறுதியில் கூட்டத்துக்கு வழிவிட்டு வழிவிட்டே பாதிப் பொழுது கழிந்துவிடும். ராயல் தேசியப் பூங்காவின் கடலோரப் பாதையோ பண்டீனாவிலிருந்து ஆட்ஃபோர்ட் வரை 26 கிலோமீட்டர் நீளமானது. பலரும் அதை இரண்டு நாளாகப் பிரித்தே நடக்கிறார்கள். காட்டையும் கடலையும் மாறி மாறிக் காட்டி, மூன்று நான்கு மணி நேரத்தில் சாப்பாட்டுக் கடைகளின் வாசலில் கொண்டுபோய் விடுவது ஸ்பிட்–மேன்லி பாதைதான்.

எந்தத் திசையில் நடப்பது என்பதில் எனக்கு ஐயமே இல்லை. ஸ்பிட் பாலத்தில் தொடங்கி மேன்லியில் முடிப்பதே நல்லது. மாற்றி நடந்தால், களைத்த கால்களோடு வாகன இரைச்சல் மிகுந்த சாலையோரத்தில் பேருந்துக்காக நிற்க வேண்டியிருக்கும். நகர மையத்திலுள்ள வின்யார்டிலிருந்து வடக்குக் கடற்கரைப் பகுதிகளுக்குச் செல்லும் பேருந்துகள் பல இந்தப் பாலத்தருகே நிற்கின்றன. மஞ்சள் நிற பி-லைன் மாடிப் பேருந்து மட்டும் இங்கே நிற்காமல் போய்விடும் என்பதால், ஏறுவதற்கு முன் ஓட்டுநரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளலாம்.

பாலத்தின் வடகரையில் இறங்கி நடந்த சிறிது நேரத்திலேயே ஃபிஷர் விரிகுடாவின் ஈரமான நிழல் தொடங்கிவிடுகிறது. பெரணி மரங்கள் அடர்ந்த அந்தச் சிறு பள்ளத்தாக்கைத் தாண்டினால் சாண்டி பேயும் கிளான்டார்ஃப் கடற்கரையும் வருகின்றன. 1868 மார்ச்சில், விக்டோரியா அரசியின் மகன் இளவரசர் ஆல்ஃபிரட் துப்பாக்கியால் சுடப்பட்டு உயிர் பிழைத்தது இந்தக் கிளான்டார்ஃபில்தான். இன்று அங்கே குழந்தைகள் சறுக்குமரத்தில் விளையாடிக்கொண்டிருக்கிறார்கள். அங்கிருந்து மணலோரமாகவே நடக்கலாம் என்றாலும், கடல் ஏற்றத்தின்போது மணல் மறைந்துவிடும் என்பதால் வீடுகள் நிறைந்த தெரு வழியாகச் சுற்றிப் போக வேண்டும். தண்ணீர்ப் புட்டிகளை இங்கேயே நிரப்பிக்கொள்ள வேண்டும் என்பதை அழுத்திச் சொல்கிறேன். அடுத்து வரும் காட்டுப் பகுதியில் தாகம் வந்தால் வழியில்லை.

பாதையின் உயிர், கேசில் ராக் கடற்கரையிலிருந்து டோப்ராய்ட் முனை வரையுள்ள நடுப்பகுதி. தேசியப் பூங்காவுக்கு உட்பட்ட இந்த இடத்தில் சிமெண்ட் தளம் முடிந்து, மணற்பாறையில் வெட்டிய படிகளும் வேர்கள் குறுக்கே ஓடும் மண்பாதையும் தொடங்குகின்றன. பாறை இடுக்கில் வேர் பிடித்து முறுக்கிக்கொண்டு நிற்கும் ஆங்கோஃபோரா மரங்களை இங்கே நின்று பார்க்க வேண்டும்: கோடையில் நம் கொய்யா மரம்போல இவற்றின் பழைய பட்டை உரிந்து விழ, உள்ளிருந்து செம்மஞ்சள் நிறத்தில் வழவழப்பான புதுத்தோல் வெளிப்படுகிறது. படிகளில் வெயில் காயும் நீர்ப்பல்லிகள் கிட்டத்தட்ட ஒரு முழ நீளம் இருக்கும். நாம் அருகில் போனாலும் அவசரப்பட்டு ஓடுவதில்லை.

குரோட்டோ முனைக்குத் திரும்பும் இடத்தில், மரவேலியிட்ட பாறைத்தளத்தில் பூர்வகுடி மக்கள் செதுக்கிய கங்காரு, மீன், பூமராங் உருவங்கள் இருக்கின்றன. உச்சி வெயிலில் கோடுகள் கண்ணுக்குப் பிடிபடுவது கடினம். காலையோ மாலையோ சாய்வெயில் விழும்போதுதான் தெளிவாகத் தெரியும். பலர் இதை ஒரு நிமிடத்தில் கடந்துவிடுவது எனக்கு வருத்தமே. மேலே ஏறினால் அரபனூ காட்சிமேடை: 1788 டிசம்பர் இறுதியில், ஆங்கிலேயக் குடியேற்றத்தின் முதல் ஆளுநர் பிலிப்பின் ஆணைப்படி மேன்லியில் பிடித்துச் செல்லப்பட்டு, அடுத்த ஆண்டே பெரியம்மையில் இறந்துபோன பூர்வகுடி மனிதரின் பெயர் அது. அங்கிருந்து பார்த்தால் துறைமுகத்தின் வடமுனைக்கும் தென்முனைக்கும் இடையே பசிபிக் கடல் நேர் எதிரே திறந்து கிடக்கிறது.

குறைகளும் உண்டு. டோப்ராய்ட் முனையைச் சுற்றியுள்ள புதர்க்காட்டில் நிழல் அரிது. டிசம்பர், ஜனவரி கோடை நண்பகலில் அங்கே நடப்பது வதை. மழைக்குப் பின் மணற்பாறை வழுக்கும். ரப்பர் செருப்போடு வந்து திணறுபவர்களை எப்போதும் காணலாம். எளிய உலாப் பாதை என்று சுற்றுலாக் கையேடுகள் எழுதுவதை நம்பிக் குழந்தை வண்டியோடு வருபவர்கள் கேசில் ராக்கிலேயே திரும்ப நேரிடும். உண்ணிகளும் இருக்கின்றன என்பதால் வீடு திரும்பியதும் உடலைச் சோதித்துக்கொள்வது நல்லது. ஆகஸ்ட் முதல் அக்டோபர் வரை, காட்டுப்பூக்கள் மலரும் காலமே என் தேர்வு.

மேன்லியில் உணவுக்குக் குறைவில்லை, ஆனால் விலை அதிகம். நாங்கள் புளிச்சோறு கட்டிக்கொண்டு போய் ரீஃப் கடற்கரையில் சாப்பிடுவதே வழக்கம். நகர மையத்துப் படகுத்துறையான சர்குலர் கீக்குத் திரும்பும் படகுப் பயணம் ஏறத்தாழ அரை மணி நேரம். வெள்ளி முதல் ஞாயிறு வரை பேருந்துக்கும் படகுக்கும் பயன்படும் ஓப்பல் கட்டண அட்டையில் ஒரு நாளுக்குப் பிடிக்கப்படும் கட்டணத்தின் உச்சவரம்பு மற்ற நாள்களைவிடக் குறைவு என்பதால், குடும்பமாகப் போனால் செலவும் கட்டுக்குள் நிற்கும்.

ஊரிலிருந்து வந்திருக்கும் பெற்றோருக்கு முழங்கால் வலி என்றால் முழுப் பாதையும் வேண்டாம். படகில் மேன்லிக்கு வந்து, ஃபேர்லைட் வழியாக ஃபார்ட்டி பாஸ்கெட்ஸ் கடற்கரை வரை மட்டும் போய்த் திரும்பலாம். அந்தப் பகுதி பெரும்பாலும் தளமிட்ட பாதை, உட்கார இருக்கைகளும் உண்டு.