கொடிசியா: காலையில் களைவெட்டி, ராத்திரியில் கச்சேரி

எங்கள் ஊரின் பெரிய கண்காட்சி வளாகத்துக்குக் கோவைக்காரர்கள் யாரும் முழுப் பெயர் சொல்வதில்லை. கொடிசியா என்றால் போதும், ஆட்டோக்காரர் மீட்டரைப் பற்றிப் பேசாமல் வண்டியை எடுத்துவிடுவார். கோவை மாவட்டச் சிறுதொழில் சங்கம் 1969இல் தொடங்கியது. அதன் ஆங்கிலப் பெயரின் சுருக்கம்தான் இது. அவிநாசி ரோட்டில் ஹோப் காலேஜ், சித்ரா பஸ் நிறுத்தங்களுக்கு நடுவில் வடக்கே திரும்பினால், தூணே இல்லாத பெரிய பெரிய கூடங்களும் அவற்றைச் சுற்றி வெறும் மண் தரையுமாக இருக்கிறது. விமான நிலையம் பக்கத்திலேயே. சில சமயம் மேடையில் பாடுபவர் குரலை விமானச் சத்தம் விழுங்கிவிடும்.

முதலில் நான் இங்கே வந்தது விவசாயத்துக்கும் இல்லை, பாட்டுக்கும் இல்லை. 2010 ஜூனில் உலகத் தமிழ்ச் செம்மொழி மாநாடு நடந்ததே, 23 முதல் 27 வரை, அப்போது கல்லூரியிலிருந்து கூட்டமாக வந்தோம். அவிநாசி ரோடு முழுக்க மனிதத் தலைகள். உள்ளே என்ன பேசினார்கள் என்று கேட்டால் சொல்லத் தெரியாது, செருப்பு ஒன்று தொலைந்தது மட்டும் ஞாபகம் இருக்கிறது. 2012இல் அப்பா "வேளாண் கண்காட்சி போடறாங்களாமா, போயிட்டு வரலாமா கண்ணு" என்றார். எங்களுக்கு நெகமம் பக்கம் நாலு ஏக்கர் தென்னை. அன்றிலிருந்து கொரோனாக் காலத்து இரண்டு வருஷம் தவிர அநேகமாக எல்லா ஜூலையும் போயிருக்கிறோம். அந்த இரண்டு வருஷத்தில் இந்தக் கூடங்களுக்குள் கொரோனா நோயாளிகளுக்குக் கட்டில் போட்டிருந்தார்கள். டிராக்டரைப் பார்த்த இடத்தில் வரிசையாகக் கட்டில்கள் கிடந்த படத்தைப் பேப்பரில் பார்த்தபோது ஒரு மாதிரி இருந்தது.

ஜூலை என்பதை வெளியூர்க்காரர்கள் கவனிக்க வேண்டும். பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் காற்று வந்து அடிக்கிற மாதம் அது. வெயில் தெரியாது, நடுநடுவே சாரல் விழும், சுற்றுவதற்கு அருமையான பருவம். ஆனால் வெளி மைதானத்தில் மண் பறக்கும். கண்ணாடி போட்டவன் பிழைத்தான். வேட்டி கட்டிக்கொண்டு போகிறவர்கள் ஒரு கையை வேட்டிக்கென்றே ஒதுக்கிவிட வேண்டும், அப்பா முதல் வருஷமே கற்றுக்கொண்டது அது.

நான் செய்த முதல் தப்பு, கூடங்களுக்குள்ளேயே பாதி நாளைக் கழித்தது. வாசலில் ஒருவர் துணிப்பை கொடுப்பார். அதற்குள் ஒவ்வொரு ஸ்டாலிலும் நோட்டீஸ் போடுவார்கள். ஒரு மணி நேரத்தில் பை கனத்துவிடும், தலையும் கனத்துவிடும். சொட்டுநீர்க் குழாய், நிழல்வலை, மல்ச்சிங் ஷீட், சோலார் மோட்டார், செல்போனில் தட்டினால் ஓடும் ஸ்டார்ட்டர், மருந்து தெளிக்கும் ட்ரோன் என்று எல்லாம் ஒன்றுபோலவே தெரிய ஆரம்பித்துவிடும். மூன்றாம் வருஷத்திலிருந்து முறையை மாற்றினோம். வந்தவுடன் நேராக வெளியே, மெஷின்கள் ஓடுகிற இடத்துக்கு. காலை பத்தரைக்குள் போனால் ஆள் குறைவு, மெஷினை நம் கையிலேயே கொடுத்து ஓட்டச் சொல்வார்கள்.

ஆனால் இதிலும் ஒரு வில்லங்கம் உண்டு. 2015இல் ஒரு பவர் வீடரை, அதாவது களையெடுக்கும் மெஷினை, அங்கே ஓட்டிப் பார்த்தேன். வெண்ணெயில் கத்தி போன மாதிரி போனது. அட்வான்ஸ் கொடுத்தாச்சு. தோட்டத்துக்கு வந்ததும் தென்னை வேரில் சிக்கிக்கொண்டு குதிரை மாதிரி துள்ளுகிறது. கைப்பிடி என் விலாவில் இடித்த இடம் ஒரு வாரம் கன்றிப்போயிருந்தது. விற்றவரைத் திட்டிப் பிரயோஜனம் இல்லை. அங்கே ஓட்டிக் காட்டியது டேங்கர் தண்ணீர் விட்டுப் பதப்படுத்திய வெற்று மண், வேரே இல்லாத மண். இப்போதெல்லாம் மெஷினைப் பார்த்தால் நான் முதலில் கேட்பது, "தென்னந்தோப்புக்குள்ள இதை ஓட்டறவங்க யாராவது இருந்தா நம்பர் கொடுங்க." கொடுப்பவரிடம்தான் அடுத்த பேச்சு. அந்த வீடரும் வீணாகவில்லை. மரத்தடியை விட்டுவிட்டு ஊடுபயிர் வரிசையில் மட்டும் ஓட்டுகிறோம், பத்து வருஷமாக ஓடுகிறது.

தென்னை ஏறும் கருவி கதை வேறு. இரண்டு இரும்புச் சட்டம், காலை வைத்து மாற்றி மாற்றி ஏறுவது. கண்காட்சியில் ஒரு பெண் ஏறிக் காட்டினார், கூட்டமே கைதட்டியது. வாங்கினோம். நான் ஒரே ஒரு முறை பாதி மரம் ஏறினேன், இறங்க இருபது நிமிஷம் ஆனது. இப்போது மோட்டார் ரூமில் ஆணியில் தொங்குகிறது. கருவியின் மேல் தப்பில்லை, ஏறத் தெரிந்த கையும் காலும் எங்கள் வீட்டில் இல்லை, அவ்வளவுதான்.

இத்தனை வருஷத்தில் எங்களுக்குக் கிடைத்த பெரிய லாபம் காசு கொடுக்காமல் கிடைத்தது. 2016இல் பொள்ளாச்சிப் பக்கம் சுருள் வெள்ளை ஈ வந்தது. அடுத்த ஒன்றிரண்டு வருஷத்தில் எங்கள் மரத்திலும் ஏறிக்கொண்டது. ஓலைக்கு அடியில் வெள்ளையாகச் சுருள் சுருளாக, கீழ் மட்டைகளில் கரி பூசினாற்போல் கறுப்பு. கடைக்காரர் சொன்ன மருந்தையெல்லாம் அடித்துப் பார்த்தோம், குறையவே இல்லை. 2018 ஜூலையில் அப்பா ஒரு ஓலைத் துண்டைப் பாலிதீன் கவரில் போட்டு எடுத்துக்கொண்டார். வேளாண்மைப் பல்கலைக்கழக ஸ்டாலில் இருந்த அம்மணி அதை வாங்கித் திருப்பினார், பையிலிருந்து லென்ஸை எடுத்தார். "ஐயா, இங்க பாருங்க. இந்தக் கறுப்புப் புள்ளி தெரியுதுங்களா? இது ஈயோட குஞ்சுதான். ஆனா உள்ள ஒரு குளவி முட்டை வெச்சிருக்கு, அதனாலதான் கறுத்திருக்கு. நீங்க மருந்தடிச்சா முதல்ல சாகறது இந்தக் குளவிதானுங்க" என்றார்.

அப்பா லென்ஸை வாங்கிக் கண்ணில் வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றார். பின்னால் வரிசை நீண்டுகொண்டே போனது, அவர் நகரவே இல்லை. மருந்தை நிறுத்துங்கள், விளக்கெண்ணெய் தடவிய மஞ்சள் ஒட்டுப்பொறி கட்டுங்கள், கறுப்புப் பூசணத்துக்கு லிட்டர் தண்ணீருக்கு 25 கிராம் மைதாப் பசை கரைத்து ஓலையில் தெளியுங்கள், காய்ந்ததும் உரிந்து விழும் என்று அந்த அம்மணி சொல்லி அனுப்பினார். மைதாவா என்று ஊரில் சிரித்தார்கள். உரிந்து விழுந்தது. ஈ முழுக்கப் போய்விட்டது என்று சொல்ல மாட்டேன், வெயில் காலத்தில் இன்னும் வரத்தான் செய்கிறது. மருந்துச் செலவு நின்றது.

ஆகவே, போகிறவர்களுக்கு என் யோசனை: நோட்டீஸ் வாங்கப் போகாதீர்கள், உங்கள் தோட்டத்திலிருந்து எதையாவது எடுத்துக்கொண்டு போங்கள். ஓலை, மண், பழுதான ஒரு நாசில், எதுவாக இருந்தாலும் சரி. கோவையில் ஒரு வசதி உண்டு, ஸ்டாலில் நிற்பவர் பல சமயம் அந்தப் பொருளைச் செய்தவராகவே இருப்பார். பம்பு ஸ்டாலில் ஒரு பெரியவரிடம் எங்கள் மோட்டார் சூடாவதைச் சொன்னேன். விற்பனைப் பேச்சையே விட்டுவிட்டு, வோல்டேஜ் எவ்வளவு வருது, குழாய் எத்தனை இன்ச் என்று கேட்டுக்கொண்டு என் நோட்டீஸின் பின்பக்கத்திலேயே படம் போட ஆரம்பித்துவிட்டார்.

சொட்டுநீர் ஸ்டால்களில் மானியம் பற்றிச் சொல்வதைக் கேட்டுக்கொள்ளுங்கள், ஆனால் அங்கேயே கையெழுத்துப் போடாதீர்கள். ஐந்து ஏக்கர் வரை உள்ள சிறு, குறு விவசாயிகளுக்கு நூறு சதவீதம், மற்றவர்களுக்கு எழுபத்தைந்து. அதற்கு வழி உங்கள் வட்டார தோட்டக்கலை அலுவலகம்.

சரி, ராத்திரிக்கு வருவோம். அதே மண் தரையில்தான் திறந்தவெளி இசை நிகழ்ச்சிகளும் நடக்கின்றன. நான் மூன்று பார்த்திருக்கிறேன், இரண்டு நன்றாக இருந்தன. ஒன்றில், நடத்தியவர்கள் விற்ற டிக்கெட்டுக்கும் போட்ட நாற்காலிக்கும் சம்பந்தமே இல்லை. கையிலிருந்த தண்ணீர் பாட்டிலை வாசலில் பிடுங்கிக்கொண்டு, உள்ளே அதையே இரண்டரை மடங்கு விலைக்கு விற்றார்கள். குழந்தையோடு வந்திருந்த ஒரு அக்கா தடுப்புக் கம்பிக்கும் கூட்டத்துக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு அழுதார். நாலைந்து பேர் சேர்ந்து கம்பியைத் தூக்கி வழிவிட்டோம். பாட்டு என்னென்ன என்று இப்போது நினைவில்லை.

பின்வரிசை டிக்கெட்டே போதும் என்பது என் கட்சி. முன்னால் இருப்பவர்கள் செல்போனைத் தூக்கிப் பிடிப்பதால் அவர்களும் திரையில்தான் பார்க்கிறார்கள். காற்று வீசும், ஸ்பீக்கர் சத்தம் அதோடு அலைந்து அலைந்து வரும், பின்னால் நின்றால் அது ஒரு சுகம். டிசம்பர், ஜனவரி என்றால் ஒரு ஸ்வெட்டர் எடுத்துக்கொள்ளலாம். வண்டியை நிறுத்தும்போது பக்கத்தில் இருக்கிற விளக்குக் கம்பத்தையாவது போட்டோ எடுத்துவையுங்கள். ஒரு முறை நிகழ்ச்சி முடிந்து முக்கால் மணி நேரம் என் வண்டியைத் தேடினேன். எல்லாமே கறுப்பு, எல்லாமே புழுதி. கடைசியில் சைடு ஸ்டாண்டுக்கு அடியில் நானே வைத்த ஓட்டுத் துண்டைப் பார்த்துத்தான் கண்டுபிடித்தேன்.

போக்குவரத்து இப்போது பரவாயில்லை. அவிநாசி ரோட்டில் மேம்பால வேலை நடந்த வருஷங்களில் உக்கடத்திலிருந்து வந்து சேர்வதற்குள் பாதி உற்சாகம் போய்விடும். 2025 அக்டோபரில் உப்பிலிபாளையம் முதல் கோல்டுவின்ஸ் வரை 10.1 கிலோமீட்டர் பாலத்தை ஜி.டி. நாயுடு பெயரில் திறந்தார்கள். வேகமாக வரலாம், ஆனால் இறங்குமிடத்தைத் தவறவிட்டால் கொடிசியாவைத் தாண்டிப் போய்த் திரும்பி வர வேண்டும். நான் போனேன். டவுன் பஸ்காரர்களுக்கு அந்தக் கவலை இல்லை.

சாப்பாட்டைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. உள்ளே கிடைப்பது பசிக்கு ஆகும். நாங்கள் தயிர்சாதம் கட்டிக்கொண்டு போய் வெளியே நிழலில் உட்கார்ந்து சாப்பிடுவோம், எங்களைப் போலவே பாதிக் கூட்டம் தூக்குப்போசியோடுதான் வருகிறது. அந்த நேரத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரிடம் "எந்த ஊருங்க, என்ன வெள்ளாமைங்க" என்று கேட்டுவிட்டால் போதும்.

இந்த ஜூலைக்கு அப்பா காலண்டர் தாளின் பின்பக்கத்தில் ஒரே ஒரு கேள்வியை எழுதி வைத்திருக்கிறார். தென்னை மட்டையைப் பொடியாக்கும் மெஷினுக்கு பிளேடு மழுங்கினால் சாணை பிடிப்பது யார், எந்த ஊரில்?