லீராய் 4 மேனாவில் இருந்த நாள் முதல்: ஹார்த்ஸ்டோனின் பழைய கார்டு நெர்ஃபுகள்

லீராய் ஜென்கின்ஸ் என்ற கார்டு 4 மேனாவுக்கு (கார்டை இறக்கக் கொடுக்கும் விலைதான் மேனா) இறங்கிக்கொண்டிருந்த காலத்திலிருந்து ஹார்த்ஸ்டோன் என்ற டிஜிட்டல் கார்டு விளையாட்டை ஆடுகிறேன். நடுவில் விட்டதும் உண்டு, திரும்ப வந்ததும் உண்டு. புது செட் எப்படி, எந்த டெக், அதாவது கார்டுக்கட்டு, ஏறும் என்று எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள். நம் கையில் ஏற்கெனவே இருக்கும் கார்டை விளையாட்டை நடத்துபவர்கள் எடுத்து மாற்றுகிறார்களே, அதைப் பற்றி யாரும் நிதானமாக எழுதியதாகத் தெரியவில்லை. விளையாட்டு வெளிவந்தது 2014 மார்ச்சில். அன்றிலிருந்து பழைய கார்டுகளில் நடந்த மாற்றங்களை ஆடுகிறவன் பக்கத்திலிருந்து பார்த்ததில் எனக்கு ஒரே ஒரு குறைதான் தீராமல் இருக்கிறது. திருப்பித் தரப்படும் டஸ்ட் கார்டுக்குத்தான், டெக்குக்கு இல்லை.

தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக: வேண்டாத கார்டை உடைத்தால் டஸ்ட் வரும், அந்த டஸ்டை வைத்து வேண்டிய கார்டைச் செய்துகொள்ளலாம். கார்டு எவ்வளவு அரிதோ அவ்வளவு விலை: லெஜண்டரி செய்ய 1600, உடைத்தால் 400. எபிக் 400க்கு 100. ரேர் 100க்கு 20. காமன் 40க்கு வெறும் 5. ஒரு கார்டை நெர்ஃப் செய்தால், அதாவது வலுவைக் குறைத்தால், சுமார் இரண்டு வாரத்துக்கு அதைச் செய்த விலைக்கே உடைக்கலாம். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒற்றைக் கார்டை வைத்து யார் ஆடுகிறார்கள்? 30 கார்டு சேர்ந்தால்தான் டெக். நடுவிலிருக்கும் ஒன்றை மாற்றினால் அதை நம்பிச் சேர்த்த மற்ற பத்துப் பன்னிரண்டும் தூங்கப் போய்விடும். அவற்றுக்கு டஸ்ட் கிடையாது. வீட்டை இடித்துவிட்டுக் கதவுக்கு மட்டும் காசு கொடுப்பது போல.

காகிதக் கார்டில் இந்த வம்பே இல்லை. அச்சடித்து விற்றதை யாரும் வீடு தேடி வந்து திருத்த முடியாது. மேஜிக் என்ற காகிதக் கார்டு விளையாட்டில் ஒரு கார்டு ஆட்டத்தைக் கெடுத்தால் போட்டியில் தடை போடுவார்கள், அவ்வளவுதான். கார்டு பெட்டிக்குள் அப்படியே இருக்கும். டிஜிட்டலில் ராத்திரி தூங்கி எழுந்தால் நம் கார்டில் வேறு எண் இருக்கும்.

அப்படி எண் மாறியதெல்லாம் கெட்டதில்லை. லீராயையே எடுத்துக்கொள்வோம். 6/2, அதாவது அடி 6, உயிர் 2. சார்ஜ் உண்டு, எனவே இறக்கிய டர்னிலேயே அடிக்கும். பதிலுக்கு எதிராளிக்கு இரண்டு 1/1 குட்டி டிராகன்கள் கிடைக்கும். ஆள் அதே டர்னில் செத்துவிட்டால் குட்டிகளை வைத்து என்ன செய்ய? ரோக் என்ற ஹீரோ வகையிடம் ஷேடோஸ்டெப் என்று ஒரு ஸ்பெல், அப்போது மேனா 0. போர்டில் இறக்கிய நம் ஆளை, அதாவது மினியனை, கைக்குத் திரும்ப எடுத்து, அடுத்த முறை 2 மேனா குறைவாக இறக்க விடும். லீராய்க்கு 4, திரும்ப எடுத்து 2, இன்னொரு ஷேடோஸ்டெப்பில் எடுத்து மறுபடி 2. மொத்தம் 8 மேனாவில் 18 அடி. எதிராளியின் முழு உயிரே 30. மிச்சமிருக்கும் 2 மேனாவில் அடி ஏற்றும் ஸ்பெல்லான கோல்ட் பிளட் இரண்டு போட முடிந்தால் 26. போர்டில் நம் பக்கம் ஒன்றுமே இல்லாமல், எதிராளிக்குத் தடுக்க வழியே தராமல்.

2014 செப்டம்பரில் லீராயை 5 மேனா ஆக்கினார்கள். ஏற்றியது ஒன்றுதான், ஆனால் அந்தக் கணக்கில் அது மூன்று முறை விழுகிறது: 5, 3, 3. மொத்தம் 11. மேனா டர்னுக்கு ஒன்றாக ஏறும், 10க்கு மேல் போகாது, ஆக காயினை (ஒரு முறை 1 மேனா தரும் இலவசக் கார்டு) கடைசிவரை பத்திரமாக வைத்திருந்தால் ஒழிய அந்த டர்ன் நடக்கவே நடக்காது. கார்டின் வாசகத்தில் ஓர் எழுத்து மாறவில்லை. லீராய் அதற்குப் பிறகும் பல வருடம் அடித்துத் தள்ளும் டெக்குகளில் கடைசி அடியாக இருந்தது. நான் பார்த்த நெர்ஃபுகளிலேயே கச்சிதமானது இதுதான். அதே பேட்சில், அதாவது அப்டேட்டில், ஸ்டார்விங் பஸ்ஸர்ட் என்ற கார்டை 2 மேனாவிலிருந்து ஒரேயடியாக 5க்குத் தூக்கினார்கள். அதன் பிறகு அதை உருப்படியான எந்த டெக்கிலும் பார்த்த நினைவில்லை.

ஒரு மேனா ஏற்றினால் எப்போதும் லீராய் போலப் பிழைத்துக்கொள்ளும் என்று நினைத்துவிட வேண்டாம். 2017 செப்டம்பரில் வாரியர் என்ற ஹீரோ வகையின் கோடாரியான ஃபியரி வார் ஆக்ஸ் 2 மேனாவிலிருந்து 3க்குப் போனது. வாரியர் ஆடுகிற நண்பன் அன்று அனுப்பிய மெசேஜ், "மச்சி, கோடாரி போச்சுடா." 3 அடி, இரண்டு முறை வெட்டும், அவ்வளவுதான் அந்த ஆயுதம். இரண்டாவது டர்னில் எடுத்து எதிராளி இறக்கிய முதல் ஆளை வெட்டலாம். மூன்றாவது டர்னில் மேனா செலவே இல்லாமல் இன்னொருவனை வெட்டிவிட்டு, முழு 3 மேனாவுக்கு நம் மினியனை இறக்கலாம். வாரியரின் ஆரம்பமே இந்த இரண்டு டர்ன்தான். 3 மேனா ஆனதும் இரண்டாவது டர்ன் சும்மா போகும், மூன்றாவது டர்ன் முழுக்கக் கோடாரிக்கே போகும், அதற்குள் எதிர்ப் பக்கம் இரண்டு பேர் நின்றுகொண்டிருப்பார்கள்.

அந்தப் பேட்சில் ஹெக்ஸ் என்ற ஸ்பெல்லும் 3 மேனாவிலிருந்து 4 ஆனது. இன்னர்வேட் என்ற ஸ்பெல் தரும் மேனா 2லிருந்து 1 ஆனது. இரண்டாவதாக ஆடுபவருக்குச் சும்மா கிடைக்கும் காயின் செய்யும் வேலையும் அதேதான். எண்ணைத் தொட்டால் கையில் பார்த்தவுடன் தெரியும், விட்டுப் போய்த் திரும்பி வருபவர்கள் குழம்ப மாட்டார்கள் என்று விளக்கம் சொன்னார்கள். அதை ஒப்புக்கொள்கிறேன். பேசிக், கிளாசிக் என்ற ஆரம்பகால செட்டுகள் அப்போது ஸ்டாண்டர்டை (சமீபத்திய செட்டுகளோடு ஆடும் முறை) விட்டு வெளியே போனதே இல்லை, அதனால் வருடா வருடம் அதே முகங்கள்தான் என்ற கவலையும் நியாயமானது. ஆனால் கோடாரி, ஹெக்ஸ், இன்னர்வேட் மூன்றும் அப்போது பேசிக் கார்டுகள். இலவசமாக வந்தவை, உடைக்க முடியாதவை. எனவே மூன்றுக்கும் சேர்த்துத் திரும்பி வந்த டஸ்ட் பூஜ்யம்.

இந்த ஓட்டை முதன்முதலில் பளிச்சென்று தெரிந்தது 2015 அக்டோபரில். வார்சாங் கமாண்டர் என்று வாரியருக்கு ஒரு பேசிக் கார்டு. 3 அடியோ அதற்குக் கீழோ உள்ள மினியனை இறக்கினால் அதற்குச் சார்ஜ் கொடுக்கும். அந்த ஆண்டு பிளாக்ராக் மவுன்டன் என்ற தொகுப்பில் க்ரிம் பேட்ரன் வந்தது. 5 மேனா, 3/3, அடிபட்டும் சாகாமல் நின்றால் தன்னைப் போல இன்னொன்றைக் கூப்பிடும். கமாண்டர் பக்கத்தில் இருந்தால் கூப்பிட்ட ஒவ்வொன்றும் உடனே ஓடிப்போய் அடிக்கும், அதில் அடிபட்டு இன்னொன்றைக் கூப்பிடும். கூடவே எந்த மினியன் அடிபட்டாலும் அடி ஏறும் ஃப்ராத்திங் பெர்சர்க்கரையும் வைத்து ஒரே டர்னில் ஆட்டத்தை முடித்துவிடுவார்கள். நன்றாக ஆடத் தெரிந்தவர் கையில் அதைப் பார்க்கவே அழகாக இருக்கும். எதிரில் உட்கார்ந்திருப்பவருக்கு அழகெல்லாம் தெரியாது, அந்த டர்ன் முழுக்க வேடிக்கை பார்த்துவிட்டுச் சாக வேண்டும்.

ஏதாவது செய்தாக வேண்டிய நிலைதான். அவர்கள் செய்தது, கமாண்டரின் வாசகத்தையே அழித்து, "உங்கள் சார்ஜ் மினியன்களுக்கு +1 அடி" என்று எழுதியது. பேட்ரனைத் தொடவில்லை, பெர்சர்க்கரைத் தொடவில்லை. மாறியது ஓர் இலவசக் கார்டு, ஆகவே திருப்பித் தர வேண்டியதும் ஒன்றுமில்லை. சார்ஜ் இல்லாத ஒரு பேட்ரன் டெக் கொஞ்ச நாள் ஓடத்தான் செய்தது, ஆனால் பழைய டெக் அன்றோடு சரி. பிளாக்ராக்கில் ஒரு பகுதிக்கு 700 கோல்டு (விளையாட்டுக்குள் சேரும் காசு) என்று சேர்த்துத் திறந்தவர்களுக்கு அது எப்படி இருந்திருக்கும்? கமாண்டரின் மேனாவை ஒன்று ஏற்றியிருக்கலாம், அடி வரம்பை 3லிருந்து 2 ஆக்கியிருக்கலாம். அப்போதும் டெக் தளர்ந்திருக்கும், கார்டு மட்டும் உயிரோடு இருந்திருக்கும்.

பழைய கார்டை ஒதுக்கி வைக்க நாகரிகமான வழியும் அவர்களுக்குத் தெரிந்தே இருந்தது. 2017இல் ஹால் ஆஃப் ஃபேம் என்று ஒன்றைக் கொண்டுவந்து ரக்னராஸ், சில்வானஸ், அஷூர் டிரேக் முதலியவற்றை ஸ்டாண்டர்டிலிருந்து, எல்லாக் கார்டுகளும் ஆடும் வைல்டு முறைக்கு மட்டும் அனுப்பினார்கள். கார்டு நம்மிடமே இருக்கும், முழு டஸ்டும் வரும். லெஜண்டரிகளான ரக்னராஸுக்கும் சில்வானஸுக்கும் மட்டும் 3200. இதைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

அடுத்த ஆண்டு மோல்ட்டன் ஜெயன்ட் போனது இன்னும் நல்ல கதை. 8/8, நம் ஹீரோ வாங்கிய ஒவ்வொரு அடிக்கும் மேனா ஒன்று குறையும். விலை 20 இருந்தவரை உயிர் 10க்கு இறங்கியதும் இலவசமாக இறக்கலாம். 2016 ஏப்ரலில் 25 ஆக்கினார்கள், உயிர் 5 ஆகும்வரை காத்திருக்க வேண்டும். 10 உயிரில் பிழைத்து நின்று திருப்பி அடிக்கலாம். 5 உயிரில் பெரும்பாலும் அந்த டர்னே நமக்கு வராது. 2018இல் அதை வைல்டுக்கு அனுப்பும்போது விலையைத் திரும்ப 20 ஆக்கினார்கள். ஸ்டாண்டர்டுக்காகச் செய்த நெர்ஃபை, அங்கிருந்து போனதும் எடுத்துவிட்டார்கள். இதையே ஏன் எல்லாக் கார்டுக்கும் ஒரு விதியாக வைக்கக் கூடாது என்பதற்கு எனக்கு இன்றுவரை காரணம் தெரியவில்லை.

ஜெயன்ட் என்றதும் நாகா சீ விட்ச் ஞாபகம் வருகிறது. வைல்டு ஆடியவர்களுக்குச் சொன்னாலே முகம் மாறும். 2015இல் வந்த கார்டு, 5 மேனா, நம் கார்டுகள் எல்லாவற்றுக்கும் விலை 5 என்று ஆக்கும். ரொம்ப நாள் யாரும் சீண்டவில்லை. 2017இல் விலைக் குறைப்புகளைக் கணக்கிடும் வரிசையை மாற்றினார்கள். கார்டு அதே, வாசகம் அதே. ஆனால் முதலில் விலை 5 ஆகி, அதற்கப்புறம் ஜெயன்டுகளின் சொந்தத் தள்ளுபடி கழிய ஆரம்பித்தது. 12 மேனா மவுன்டன் ஜெயன்டுக்குக் கையிலிருக்கும் மற்ற ஒவ்வொரு கார்டுக்கும் ஒன்று குறையும். 12லிருந்து குறைப்பதற்கும் 5லிருந்து குறைப்பதற்கும் உள்ள வித்தியாசம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. விட்ச்சை இறக்கிய அதே டர்னில் 8/8 ஜெயன்டுகள் வரிசையாக, காசில்லாமல் வந்து நிற்கும். இது 2018 மே வரை அப்படியே ஓடியது. அப்போதுதான் விட்ச்சின் விலையை 8 ஆக்கினார்கள். ஸ்டாண்டர்டில் இப்படி நடந்திருந்தால் இத்தனை மாதம் விட்டிருப்பார்களா? 2020 ஏப்ரலில் டீமன் ஹன்டர் என்ற புது ஹீரோ வகை வந்தபோது மறுநாளே நெர்ஃப் வந்ததே.

வலுவைக் கூட்டிய கதையும் உண்டு. 2019 ஜூனில் பூம்ஸ்டே செட்டிலிருந்து 18 கார்டுகளை ஒரே நேரத்தில் பஃப் செய்தார்கள். அதுவரை குறைப்பதை மட்டுமே பார்த்துப் பழகிய எங்களுக்குத் தீபாவளி மாதிரி இருந்தது. லூனாஸ் பாக்கெட் கேலக்ஸி 7 மேனாவிலிருந்து 5 ஆனது. டெக்கிலிருக்கும் மினியன்கள் எல்லாம் 1 மேனா ஆகும் ஸ்பெல் அது. 7 மேனாவில் போட்டால் அடுத்த டர்ன் பார்க்க உயிரோடு இருப்பதே சந்தேகம், 5 மேனாவில் தாராளமாகப் போடலாம். ஆகஸ்ட் கடைசியில் திரும்ப 7. இதில் டஸ்ட் கணக்கு வேடிக்கையானது. கார்டு தூங்கிக்கொண்டிருந்தபோது 400க்கு உடைத்தவர், பஃப் வந்ததும் 1600 கொடுத்துச் செய்து, மூன்று மாதம் ஆடிவிட்டு, நெர்ஃபில் அந்த 1600ஐ அப்படியே திரும்ப வாங்கிக்கொண்டார். உடைக்காமல் வைத்திருந்தவருக்கு இன்னும் லாபம்.

2021இல் எல்லோருக்கும் இலவசமாகத் தரும் கோர் செட் வந்த பிறகு பழைய கார்டுகளை நெர்ஃப் செய்ய வேண்டிய அவசியம் குறைந்திருக்கிறது. தொல்லை தரும் கார்டை அடுத்த வருடப் பட்டியலில் சேர்க்காமல் விட்டால் போதும். ஆனால் கோர் கார்டுகள் இரவல்தான். உடைக்கவும் முடியாது, பட்டியலிலிருந்து போனால் டஸ்டும் இல்லை. அந்த ஆண்டே 2014 ஜூன் நிலையில் பழைய கார்டுகளை ஆடும் கிளாசிக் முறையையும் திறந்தார்கள். 4 மேனா லீராய் திரும்ப வந்தது. கொஞ்ச நாள் ஆனந்தமாக இருந்தது, பிறகு எல்லோரும் ஏழு வருட அனுபவத்தோடு ஆடுவதால் லேடர் (தரவரிசை ஆட்டம்) முழுக்க அதே நாலைந்து டெக்குகள் ஆகிவிட்டன. பின்னால் அந்த முறையையே எடுத்துவிட்டார்கள்.

புதிதாக வருபவர்களுக்கு இரண்டு விஷயம் சொல்வேன். புது செட் வந்த முதல் இரண்டு வாரத்தில் டஸ்ட் செலவழித்து ஒரு டெக்கை முழுதாகச் செய்யாதீர்கள். முதல் நெர்ஃப் பேட்ச் போன பிறகு பாருங்கள், உங்கள் நடு கார்டு தப்பியிருந்தால் செய்யுங்கள். நெர்ஃப் ஆன கார்டை அன்றே உடைக்கவும் வேண்டாம், வைல்டு ஆடுபவராக இருந்தால் கட்டாயம் வேண்டாம். கெடு முடிவதற்கு ஒன்றிரண்டு நாள் முன்புவரை ஆடிப் பாருங்கள், பல நேரம் கார்டு லீராய் போல நன்றாகவே இருக்கும். கெடு தேதியை மட்டும் போனில் குறித்து வையுங்கள், தாண்டிவிட்டால் அதே லெஜண்டரி மறுபடியும் 400தான்.