பக்காசுரன் மலைக் கோட்டை வேட நடை

குன்னூர் நான்சச் எஸ்டேட் பக்கமிருந்து ஏறும் இந்த நடையில் திப்பு காலச் சிப்பாய் வேடமிட்டவர்களே வழிகாட்டிகள்; வசூல் கோட்டைச் சுவர்ப் பராமரிப்புக்கு. புலிக்கோடு போட்ட பருத்திச் சட்டை கச்சிதம். திப்பு படையின் ஆயுதமான மைசூர் ராக்கெட் பற்றிய விளக்கம் அருமை: இரும்புக் குழாய் அதிக அழுத்தம் தாங்கியதால் தூரம் கூடியது, மூங்கில் கழி திசை காத்தது. வெடிமருந்தில்லாத மாதிரியை வைத்தே காட்டுகிறார்கள். காய்ந்த புல்வெளியில் அதுதான் சரி.

செலவுத் திட்டத்தில் சிமெண்ட் இருப்பதுதான் கவலை. சிமெண்ட் ஈரத்தைச் சுவருக்குள் அடைத்துவிடும். இந்த மலை மழைக்குப் பழைய காரை உள்ளேயே உளுத்துப்போகும். அதற்குப் பதில் ஒரு பங்கு சுண்ணாம்புக்கு மூன்று பங்கு மணல், மேலே ஈரச் சாக்கு, மெதுவாக இறுகவிட வேண்டும். சுவரில் முளைத்த ஆலங்கன்றை வெட்டினால் மட்டும் போதாது; வேர் திரும்பத் துளிர்த்துக் கல்லைப் பிளக்கும். கட்டணம் கொடுக்கலாம், சுண்ணாம்புக்கு மாற்றச் சொல்லிவிட்டுக் கொடுங்கள். மழைக்காலத்தில் அட்டைக்கடிக்கு உப்பு எடுத்துக்கொள்ளுங்கள்.