எல்லாருக்கும் மூச்சு 18

இந்தத் தடவை ஊரில் அதிக நேரம் கழிந்தது கல்லிடைக்குறிச்சி வீட்டில் இல்லை, பாளையங்கோட்டைப் பக்கம் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில். பெயர் வேண்டாம். பெரியம்மாவுக்குக் காய்ச்சல், சிறுநீரில் கிருமி என்று சேர்த்திருந்தார்கள். ஹைகிரவுண்டு கவர்ன்மென்ட் ஆஸ்பத்திரிக்கே போவோம் என்றேன், அண்ணன் கேட்கவில்லை. அட்மிஷன், கேன்டீன் பற்றியெல்லாம் எழுத ஒன்றும் இல்லை. எழுத உட்கார்ந்தது கட்டில் காலில் தொங்கிய கேஸ் ஷீட்டைப் பற்றி.

இங்கிலாந்தில், லெஸ்டரில் நானும் வார்டு நர்ஸ்தான். இங்கே சொல்லிக்கொள்ளவில்லை, சொன்னால் ஒன்று கூடுதல் மரியாதை, இல்லையென்றால் கூடுதல் முறைப்பு. ஷீட்டில் பி.பி., நாடி, காய்ச்சல், ஆக்ஸிஜன் எல்லாம் வேளைக்கு வேளை மாறியிருந்தது. மூச்சு மட்டும் 18, 18, 18. பக்கத்துக் கட்டில் தாத்தாவுக்கும் 18! மற்றதற்கெல்லாம் மெஷின் இருக்கிறது. மூச்சை நெஞ்சைப் பார்த்து ஒரு நிமிஷம் எண்ண வேண்டும். அந்த ஒரு நிமிஷத்துக்குப் பதிலாகத்தான் இந்த 18.

பெரியம்மாவோ நாலு வார்த்தைக்கு ஒருதரம் நிறுத்திப் பேசுகிறாள். கழுத்தெலும்புக்கு மேலே குழி விழுகிறது. பகல் சிஸ்டரிடம் சொன்னதற்கு, "ஆக்ஸிஜன் 95 இருக்குல்லாக்கா, பயப்படாதிய" என்றாள். அந்த 95-ஐப் பிடித்து நிறுத்தத்தானே இந்த இரைப்பு! உடம்பு கெடத் தொடங்கும்போது பல பேருக்கு முதலில் ஏறுவது மூச்சுதான். ஆக்ஸிஜன் இறங்க நேரமாகும்.

இங்கிலாந்தில் நியூஸ் 2 (NEWS2) என்று, நோயாளியின் உடம்பு கெடுவதை முன்கூட்டியே காட்டிக்கொடுக்க ஒரு மதிப்பெண் முறை. 2012-இல் ராயல் காலேஜ் ஆஃப் பிசிஷியன்ஸ் கொண்டுவந்தது, 2017-இல் திருத்தினார்கள். மூச்சு நிமிஷத்துக்கு 12 முதல் 20 வரை என்றால் சைபர், 24 வரை 2. 25-ஐத் தொட்டால் அது ஒன்றுக்கே 3. மற்றதெல்லாம் ஒழுங்காக இருந்தாலும் டாக்டருக்குச் சொல்லியாக வேண்டும். அதற்காக அங்கே எல்லாம் சொர்க்கம் என்று நினைக்காதீர்கள். எமர்ஜென்சியில் டிராலியிலேயே விடிய விடியக் கிடந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். ஆனால் எண் ஏறினால் கேள்வி வரும்.

ராத்திரி ஷிப்டுக்கு வந்தவர் கொஞ்சம் வயதான சிஸ்டர், நாங்குநேரிப் பக்கம். "ஆச்சி, கையைக் குடுங்க, நாடி பாக்கேன்" என்று மணிக்கட்டைப் பிடித்து, அந்தக் கையைப் பெரியம்மாவின் நெஞ்சுமேலேயே வைத்துக்கொண்டார். எனக்குப் புரிந்துவிட்டது. நாடி பார்க்கிற சாக்கில் மூச்சை எண்ணுகிறார்! எண்ணுகிறேன் என்று சொன்னால் ஆள் தன்னை அறியாமல் மூச்சை மாற்றிவிடும். எங்களுக்கும் படிக்கும்போது சொல்லிக்கொடுத்தார்கள். செய்து பார்த்து வெகுநாள் ஆகிறது. "சிஸ்டர், டிரிப்ஸ் தீந்துட்டு" என்று ஒருவர் கூப்பிட்டார். தலையை மட்டும் ஆட்டினார், திரும்பவில்லை. வாட்சில் முள் முழுச் சுற்று வந்த பிறகுதான் கையை விட்டார்.

28.

கட்டில் கைப்பிடியைத் திருகித் தலைமாட்டை உயர்த்தினார். டியூட்டி டாக்டருக்கு போன் போட்டு, "சாயங்காலம் 18-ன்னு எழுதிருக்கு சார், அதைப் பாக்காதிய, இப்ப வாங்க" என்றார். எக்ஸ்ரேயில் வலது நுரையீரலின் அடியில் நிமோனியா. மருந்து மாறியது. அதெல்லாம் முடிந்த பிறகே பெரியம்மாவைப் புரட்டி, படுக்கைப் புண் வரப் பார்க்கிறதா, இடுப்பெலும்புப் பக்கம் சிவந்திருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்த்தார். 2 மணி நேரத்துக்கு ஒருதரம் திருப்பிப் படுக்க வைக்கிற வேலையை என் தலையில் கட்டினார். லீவில் வந்தும் அதே வேலை!

பகல் பிள்ளைமேல் எனக்குக் கோபம் இல்லை. அத்தனை கட்டிலுக்கும் ஒருத்தியாக ஓடுகிறாள். ஷீட்டின் அடியில் தினமும் கையெழுத்துப் போட்ட மேற்பார்வை ஆள்மேல்தான் கோபம்.

டிஸ்சார்ஜ் பில்லில் நர்சிங் சார்ஜ் என்று தனி வரி. என்னென்ன சேர்த்தி என்று கேட்டேன். "எல்லாம் சேத்துதான்க்கா" என்றான் கவுண்டர் தம்பி, மீதிச் சில்லறையை எண்ணிக்கொண்டே.