அறையே இல்லாத மரபணுப் பரிசோதனை அறை: பணம் கட்டுவதற்கு முன் படியுங்கள்

எங்கள் சிறிய கிளினிக்கில் மரபணுப் பரிசோதனை அறை ஒன்றை அமைக்க விரும்பி, கருவி முதல் மேசை நாற்காலி வரை எல்லாவற்றையும் தாங்களே பொறுப்பேற்று முடித்துத் தருவதாகச் சொன்ன ஒரு நிறுவனத்திடம் முழுத் தொகையையும் கொடுத்து ஏமாந்தேன். நிறுவனத்தின் பெயரை எழுதப் போவதில்லை. அவர்கள் பேசிய பேச்சை எழுதுகிறேன். அதே பேச்சு உங்களிடமும் வரக்கூடும்.

"மூன்று அறையெல்லாம் பெரிய லேப்களுக்குத்தான் டாக்டர், உங்களுக்கு ஒரே அறையில் ஒரு தடுப்பு போதும்" என்றார்கள். நான் நம்பினேன். டிஎன்ஏவைப் பிரதியெடுத்துப் பெருக்கும் பிசிஆர் முறையில் ஒவ்வொரு சுற்றிலும் டிஎன்ஏ இரட்டிப்பாகிறது என்பதும், ஒரே ஒரு பிரதி 30 சுற்றுகளில் நூறு கோடியைத் தாண்டிவிடும் என்பதும் எனக்குத் தெரியாதவை அல்ல. ஆனால் பெருக்கம் முடிந்த குழாயின் மூடியைத் திறக்கும்போது தெறிக்கும் கண்ணுக்குத் தெரியாத துளி ஒன்றே அடுத்த பரிசோதனையைக் கெடுக்கப் போதும் என்பதையும், அதனால்தான் வினைப்பொருள் கலக்கும் இடம், ரத்தத்திலிருந்து டிஎன்ஏ பிரிக்கும் இடம், பெருக்கிய டிஎன்ஏவைக் கையாளும் இடம் மூன்றும் தனித்தனியாக இருந்து, வேலை ஒரே திசையில் மட்டும் நகர வேண்டும் என்பதையும் நான் அன்று எண்ணிப் பார்க்கவில்லை. அவர்கள் வைத்த தடுப்போ கூரையைத் தொடவில்லை. அறைக்கு ஒரே ஏசி. அதன் காற்று, பெருக்கிய டிஎன்ஏவை ஜெல் எனப்படும் கூழ்த் தகட்டில் ஓட்டிப் பார்க்கும் மேசையைத் தடவிக்கொண்டு, வினைப்பொருள் கலக்கும் மேசைக்கு நேராக வந்தது.

நாங்கள் தொடங்கியது அரிவாள் செல் ரத்தசோகைக்கான பரிசோதனை. ஹீமோகுளோபினின் பீட்டா சங்கிலிக்கான மரபணுவில் ஓர் எழுத்து மாறியிருக்கிறதா என்று பார்ப்பதுதான் வேலை. இயல்பான எழுத்துக்கு ஒரு குழாய், மாறிய எழுத்துக்கு ஒரு குழாய். இரண்டுக்கும் ஜெல்லில் பட்டை, அதாவது டிஎன்ஏ ஒளிரும் கோடு, தெரிந்தால் அவர் கேரியர்: மாறிய மரபணுவின் ஒரு பிரதியை மட்டும் சுமப்பவர், நோயாளி அல்ல. மூடியைத் திறக்காமலே முடிவு காட்டும் ரியல்டைம் கருவியைத் தராமல், கையிருப்பில் இருந்த பழைய வகைக் கருவியைத் தந்ததால் ஒவ்வொரு முறையும் குழாயைத் திறந்து ஜெல்லில் ஊற்ற வேண்டியிருந்தது.

ஐந்தாம் வாரம் ஒரு மாலை, புற ஊதா விளக்கின் மேல் ஜெல்லை வைத்தபோது, டிஎன்ஏ எதுவும் சேர்க்காத வெற்றுக் குழாய்க்குரிய கடைசிக் கட்டத்தில் மெல்லிய பட்டை ஒன்று ஒளிர்ந்தது. இருளாக இருக்க வேண்டிய கட்டம் அது. அதில் பட்டை தெரிந்தால் வெளியிலிருந்து டிஎன்ஏ புகுந்துவிட்டது என்று பொருள். பழைய படங்களை எடுத்துப் பார்த்தால், அதற்கு முந்தைய வாரமே மங்கலாகத் தொடங்கியிருந்தது. நாங்கள் கவனிக்கவில்லை, அது எங்கள் தவறு. கேரியர் என்று நாங்கள் அறிக்கை கொடுத்திருந்த ஒரு பெண்ணின் ரத்தத்தை வெளி ஆய்வகத்துக்கு அனுப்பியபோது, கேரியர்களிடம் வழக்கமாக 35 முதல் 40 சதவீதம் வரை காணப்படும் ஹீமோகுளோபின் எஸ் (மாறிய மரபணு உண்டாக்கும் ஹீமோகுளோபின்) அவரிடம் துளியும் இல்லை. அவரை நேரில் அழைத்து மன்னிப்புக் கேட்டேன். அதுவரை அறிக்கை வாங்கிய அனைவருக்கும் எங்கள் செலவிலேயே மறுபரிசோதனை செய்தோம்.

நிறுவனத்தின் பொறியாளரை அழைத்தேன். "பிளாங்கில், அந்த வெற்றுக் குழாயில், லேசாக வரத்தான் செய்யும், படத்தில் அந்தக் கட்டத்தை மட்டும் வெட்டிவிடுங்கள் டாக்டர்" என்றார். எனக்கு நேர்ந்த இழப்பையெல்லாம் விட இந்த ஒரு வாக்கியத்துக்காகவே இதை எழுதுகிறேன்.

பிறகு தோண்டத் தோண்ட மற்றவையும் வெளிவந்தன. பாதுகாப்பு அலமாரி என்று சொல்லித் தந்தது, காற்றை வேலை செய்பவரின் முகத்தை நோக்கி ஊதும் சாதாரண லேமினார் மேசை. நோயாளியின் ரத்தத்தை அதில் திறக்கவே கூடாது. ஃப்ரீசர், பனி படியாமல் இருக்க அவ்வப்போது தானே சூடாகிக்கொள்ளும் வீட்டு வகை. என்சைம்களுக்கு அது ஆகாது. எல்லா மேசைகளுக்கும் சேர்த்து திரவத்தை அளந்து எடுக்கும் பைப்பெட் ஒரே செட், அதன் நுனியில் மாட்ட வடிகட்டி இல்லாத டிப்கள். புகார் எழுதினால், கருவி முதன்முதலில் இயங்கிய அன்று "நிறுவி இயக்கிக் காட்டப்பட்டது" என்று நான் கையெழுத்திட்ட தாளைக் காட்டினார்கள். கருவியில் கோளாறு இல்லை, அறை உத்தரவாதத்தில் வராது என்றார்கள். இரண்டாவது அறை அமைத்துத் தருவதற்கான விலைப்பட்டியலையும் கூடவே அனுப்பினார்கள்.

அந்தத் தாளில் கையெழுத்திடுமுன், இயல்பானவர், கேரியர், நோயுள்ளவர் என்று முடிவு முன்பே தெரிந்த மாதிரிகளை என் ஊழியர்களே தொடர்ந்து சில வாரங்கள் ஓட்டி, ஒவ்வொரு முறையும் வெற்றுக் குழாய் சுத்தமாக இருந்தால்தான் கடைசித் தவணை என்று நான் எழுதி வாங்கியிருக்க வேண்டும்.

இப்போது ஜெல் வேலையைக் கட்டடத்தின் மறுகோடியில் இருந்த சாமான் அறைக்கு மாற்றிவிட்டோம். அங்கே அணியும் கோட்டும் பைப்பெட்டும் அந்த வாசலைத் தாண்டுவதில்லை. அங்கே போனவர் அன்று வினைப்பொருள் மேசைக்குத் திரும்புவதில்லை. மேசைகளைத் தினமும் நீர்த்த பிளீச்சால் துடைக்கிறோம். வெற்றுக் குழாய் எட்டு முறை தொடர்ந்து சுத்தமாக வந்திருக்கிறது. இருபது முறை வரும்வரை அறிக்கை எதுவும் தருவதாக இல்லை. மாதிரிகள் இன்னும் வெளி ஆய்வகத்துக்கே போகின்றன.